அழிப்பது பழுதுநீக்கம் ஆகாது

வீட்டுக் கணிப்பொறி ஒருநாள் எழாமல் நின்றுவிடுகிறது. உரியவர் அதைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறார். கடையில் இருப்பவர் இரண்டு மணித்துளி பார்த்துவிட்டு, "பார்மேட் போட்டுவிடலாம்" என்கிறார். வட்டில் உள்ளவற்றைத் துடைத்தழித்து, இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றித் தருவது என்பது அதன் பொருள். கணிப்பொறி மீண்டும் ஓடுகிறது. உரியவர் கூலி கொடுத்து மகிழ்ந்து வீடு திரும்புகிறார். திரும்பிய பின்னரே, பத்தாண்டுக் கால ஒளிப்படங்களும், நிலவரிக் கணக்கும், மகள் எழுதிக்கொண்டிருந்த ஆய்வேடும் போன இடம் தெரியாமல் போனமை அவருக்கு விளங்குகிறது.

இதனைப் பழுதுநீக்கம் என்று கூறுவது சொல்லுக்கே இழுக்காகும். கூரை ஒழுகுகிறது என்று வந்தவனுக்கு, வீட்டையே இடித்துத் தள்ளி வேறு வீடு கட்டிக் கொடுத்து, "இப்பொழுது ஒழுகவில்லை, பாருங்கள்" என்று கை நீட்டுவதை ஒப்பது இது. பழுது எங்கே இருந்தது, எதனால் வந்தது, இனியும் வருமா என்னும் மூன்று வினாக்களுள் ஒன்றற்கும் விடை கிடைக்கவில்லை. வட்டே தேய்ந்து சாகும் நிலையில் இருந்திருந்தால், புதிய இயங்குதளமும் அச்சாகும் வட்டின் மீதே எழுதப்பட்டிருக்கும். சில திங்களில் மீண்டும் அதே கடை, அதே மருந்து, அதே கூலி!

தமிழ் கற்றவர்க்கு இந்நிலை புதிதன்று. ஆடிப்பெருக்கன்று பழஞ்சுவடிகளை ஆற்று வெள்ளத்தில் விட்ட கொடுமையை உ.வே.சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். ஏட்டில் செல்லரித்த இடம் இரண்டிருந்தால், ஏடே வேண்டாவென்று எறிந்தவர் ஒரு சாரார். செல்லரித்த இடத்தைப் பிற படிகளோடு ஒப்பிட்டு, விடுபட்ட எழுத்தைக் கண்டெடுத்தவர் ஒரு சாரார். பின்னவர் இருந்தமையால்தான் 1894ஆம் ஆண்டில் புறநானூறு அச்சேறியது. கணிப்பொறி முன்னும் இவ்விரு சாராரே நிற்கின்றனர். நாம் எந்தச் சாராரோடு நிற்பது என்பதே கேள்வி.

"அது பொறியியல் கற்றவன் வேலை, நமக்கு விளங்காது" என்பார் பலர். விளங்காது என்பது பொய். உறுப்புகளைப் பற்றவைக்கும் வேலை நமக்கு வாராது, அது மெய்தான். ஆனால் பழுது எங்கே நிற்கிறது என்று நாடிக் காண்பதற்கு வேண்டுவது கண்ணும் ஒழுங்கான எண்ணமுமே. அம்முறையை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

எந்தப் படியில் நிற்கிறது?

கணிப்பொறியின் பழுது இருவகைத்து: வன்பொருட் பழுது, மென்பொருட் பழுது. முன்னது கையால் தொடத்தக்க உறுப்பில் நேர்வது. பின்னது அவ்வுறுப்புகளுக்கு ஆணையிடும் நிரலில் நேர்வது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எதைச் செய்தாலும் அது இருட்டில் கல்லெறிவதே.

பிரித்தறிவதற்குக் கணிப்பொறி எழும் முறையை அறிதல் வேண்டும். அது ஐந்து படிகளில் எழுகிறது. முதற்படியில், மின்வழங்கியானது வீட்டு மின்னின் 230 வோல்ட்டை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட்டு என்னும் சிற்றளவு நேர்மின்னாக மாற்றித் தருகிறது. இரண்டாம் படியில், தாய்ப்பலகையில் பொறித்துள்ள நிலைபொருள் விழித்தெழுந்து, செயலி, நினைவகம், திரை முதலியன உளவா என்று தானே ஆய்ந்து பார்க்கிறது. மூன்றாம் படியில், இயங்குதளம் எந்த வட்டில் உள்ளதெனத் தேடுகிறது. நான்காம் படியில், இயங்குதளம் தன்னையும், ஒவ்வோர் உறுப்பையும் நடத்தும் இயக்கி நிரல்களையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. ஐந்தாம் படியில் நுழைவுத் திரை தோன்றுகிறது. நாம் வேண்டும் மென்பொருள்கள் திறக்கின்றன.

கணிப்பொறி எந்தப் படியில் நின்றது என்று மட்டும் பாருங்கள். பாதிப் பழுது அங்கேயே பிடிபடும். விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை என்றால் முதற்படி, மின் வரவில்லை. விசிறி சுழல்கிறது, திரை இருண்டே கிடக்கிறது என்றால் பெரும்பாலும் இரண்டாம் படி. 'தொடங்குதற்குரிய கருவி காணப்படவில்லை' என்னும் பொருள்பட ஆங்கில வரி தோன்றினால் மூன்றாம் படி. இயங்குதளத்தின் சின்னம் தோன்றி அங்கேயே சுழன்றுகொண்டிருந்தாலும், நீலத்திரை வந்தாலும் நான்காம் படி. எல்லாம் திறந்து ஏதேனும் ஒரு மென்பொருள் மட்டும் முரண்டு பிடித்தால் ஐந்தாம் படி. முதலிரு படிகளில் நிற்கும் பழுதுக்கு வட்டை அழிப்பதால் எள்ளளவும் பயனில்லை. அப்படிகள் வட்டை இன்னும் தொடவே இல்லையன்றோ? இவ்வொரு செய்தியை அறிந்தவனிடம், விளக்கெரியாத கணிப்பொறிக்கு யாரும் 'பார்மேட்' விற்க முடியாது.

மூன்று அளவைகள்

நம் முன்னோர் மெய்ம்மை காண்பதற்கு அளவைகள் வகுத்தனர். மணிமேகலையின் சமயக்கணக்கர் பகுதி அவற்றை விரிவாகப் பேசுகிறது. அவற்றுள் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் பழுது நாடுவார்க்குப் போதும்.

காண்டலாவது, நடப்பதை நடந்தவாறே காண்பது. 'கணிப்பொறி கெட்டுவிட்டது' என்பது காண்டல் அன்று. 'தொடங்கிக் கால் மணி நேரத்தில் தானே அணைகிறது. அடிப்பக்கம் கை வைக்க முடியாமல் சுடுகிறது' என்பதே காண்டல். திரையில் பிழைச்செய்தி தோன்றினால் நம்மவர் செய்யும் முதல் வேலை, படியாமலே அதை மூடுவதுதான். அதில் உள்ள எண்ணும் சொல்லுமே நோய்க்குறி. எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். அல்லது கைப்பேசியால் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கருதலாவது, கண்டதினின்று காணாததை உய்த்துணர்வது. புகை கண்டு நெருப்பைக் கருதுவது பழைய எடுத்துக்காட்டு. சுடுகிறது, அணைகிறது, ஆதலின் வெப்பமே கரணியம், ஆதலின் விசிறியையும் காற்றுவழியையும் பார்க்க வேண்டும். இக்கருத்து மெய்யா என்று ஆய்வதற்கு ஒரே ஒரு மாற்றம் செய்து பார்த்தல் வேண்டும். ஒரே வேளையில் நான்கு மாற்றம் செய்து, பழுது நீங்கினாலும், எதனால் நீங்கியது என்று அறிய வழியில்லை. எனவே ஒன்றை மாற்றுக, பார்க்க, பயனில்லையேல் அதைப் பழைய நிலைக்கே மீட்டு, அடுத்ததை மாற்றுக.

உரையாவது, அறிந்தோர் கூற்று. கருவி செய்தோர் தரும் கையேடும், அவர்தம் வலைப்பக்கமும் அத்தகையன. எழுதி வைத்த பிழைச்செய்தியை அப்படியே இணையத்தில் தேடினால், அதே பழுதைக் கண்டு நீக்கிய பிறர் கூற்றும் கிடைக்கும். ஆனால் உரையெல்லாம் அளவையாகாது. திடுமெனத் திரையை மறைத்து, 'உங்கள் கணிப்பொறியில் நச்சுநிரல் புகுந்துவிட்டது; இவ்வெண்ணை உடனே அழையுங்கள்' என்று அலறும் அறிவிப்பு, கள்வன் உரை. உண்மையான இயங்குதள எச்சரிக்கை தொலைப்பேசி எண் கொடுத்து அழைக்கச் சொல்லாது. அழைத்தவர் நம் கணிப்பொறியைத் தொலைவிலிருந்தே தம் கைக்குள் கொண்டுவந்து வைப்பகக் கணக்கைத் துடைத்துவிடுவர். ஏமாந்தவர் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்கு முறையிட வேண்டும்.

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க்கு-2 என்னும் பெரும்பொறி பிழைபட்டது. ஆய்ந்தவர்கள், மின்தொடுப்பு ஒன்றில் விட்டிற்பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டனர். அதை எடுத்துப் பொறியின் குறிப்பேட்டில் ஒட்டி, நாளும் நேரமும் எழுதி வைத்தனர். அக்குறிப்பேடு இன்றும் காக்கப்படுகிறது. பூச்சியைக் கண்டது நற்பேறு. குறிப்பேடு வைத்திருந்தது ஒழுங்கு. நம் வீட்டிலும் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று கணிப்பொறி அருகில் இருந்தால், 'சென்ற கிழமை என்ன மாற்றினோம்' என்னும் கேள்விக்கு மறதி விடை சொல்ல வேண்டியதில்லை.

வன்பொருட் பழுதுகள்

மின்னே வரவில்லை என்றால், கணிப்பொறியைத் திறப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். அதே துளையில் ஒரு மேசை விளக்கைச் செருகி எரிகிறதா என்று பாருங்கள். நீட்டிப்புப் பலகை, வடம், பின்புற அமுக்கி என ஒன்றன்பின் ஒன்றாக ஆயுங்கள். மடிக்கணிப்பொறியாயின், மின்னேற்றியைப் பிடுங்கிவிட்டு, தொடக்கப் பொத்தானை அரை மணித்துளி அழுத்திப் பிடித்து, பின் மின்னேற்றியை மட்டும் செருகிப் பார்ப்பது பலகாலும் பயன் தருவது. உள்ளே தேங்கி நின்ற மின் அகன்று பலகை புதிதாக எழும்.

விசிறி ஓடித் திரை இருண்டிருந்தால், முதலில் திரைக்குச் செல்லும் வடத்தைப் பாருங்கள். அடுத்து நினைவகப் பலகை. நம் ஊர்ப் புழுதியாலும் கடலோர ஈரக்காற்றாலும் அதன் பொன்னிறப் பற்கள் மங்கித் தொடர்பு விடும். மின்னை முழுதும் பிடுங்கி, மாழைப் பகுதியொன்றைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கி, பலகையைக் கழற்றிப் பற்களைத் தூய்மை செய்து மீண்டும் ஒலி கேட்குமாறு அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு பலகைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். ஒன்றோடு எழுந்து மற்றொன்றோடு எழாவிட்டால், கெட்டது எதுவென்று தெரிந்துவிட்டது. இது சுவடி ஒப்பிடும் முறையே: நல்ல படியை வைத்துத்தான் பிழைப்படியைக் காண முடியும்.

தானே அணைவது பெரும்பாலும் வெப்பத்தால். பல செயலிகளுக்கு 100 பாகை செல்சியசு அளவே மேல்வரம்பு. அதனை நெருங்கும்போது செயலி தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். மிஞ்சினால், தன்னைக் காக்க முழுதும் அணைந்துவிடும். ஆகவே, 'விரைவு குறைந்தது' என்னும் குறைக்கு, விசிறியில் அடைந்த புழுதியே கரணியமாதலும் உண்டு. மென்தூரிகையால் புழுதி அகற்றினால் தீர்வதற்கு வட்டை அழிப்பானேன்?

எம் தெருவில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கணிப்பொறி ஓடியது, ஆனால் எந்த வலைத்தளமும் திறக்கவில்லை. 'இணைப்பு பாதுகாப்பானது அன்று' என்னும் பொருள்பட ஒரே செய்தி. ஒரு கடையில் நச்சுநிரல் என்று கூறி வட்டை அழித்துக் கொடுத்தனர். மறுநாளும் அதே செய்தி. திரையின் மூலையில் இருந்த நாளைப் பார்த்தால், அது பல்லாண்டு பின்தங்கி நின்றது. தாய்ப்பலகையில் காசளவு மின்கலம் ஒன்று உண்டு, 3 வோல்ட்டு, மின் இல்லாப் பொழுதும் உள்கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. அது தீர்ந்தால், மின் துண்டிக்கப்படும்தோறும் கடிகாரம் பழைய நாளுக்கு ஓடிவிடும். வலைத்தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணிப்பொறியின் நாள் அவ்வெல்லைக்கு வெளியே நின்றால் சான்று செல்லாது. சில பத்து உருபா விலையுள்ள மின்கலத்தை மாற்றியதும் எல்லாம் திறந்தன. அழிக்கப்பட்ட கோப்புகள் மட்டும் திரும்பவில்லை.

மிகக் கொடிது வட்டின் பழுது. சுழலும் வன்வட்டிலிருந்து 'டிக், டிக்' என்று ஒலி வந்தாலும், ஒரு கோப்பைத் திறக்க நெடுநேரம் பிடித்தாலும், கோப்புகள் தாமே கெட்டாலும், அது சாவுமணி என்றறிக. வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும். அதைப் படித்துச் சொல்லும் விலையில்லா மென்பொருள்கள் உள. அக்குறிப்புத் தீதாயின், வேறெந்த ஆய்வும் செய்யாமல் முதலில் கோப்புகளைப் படியெடுங்கள். சாகும் வட்டைப் புதிதாக எழுதச் செய்வது, இழுத்துக்கொண்டிருப்பவனை ஓடச் செய்வதாகும்.

இரண்டு இடங்களில் மட்டும் கை வைக்காதீர்கள். மின்வழங்கியின் பெட்டியைத் திறவாதீர்கள்; மின்னைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிர்க்கு ஊறு செய்யும் மின் தங்கியிருக்கும். மடிக்கணிப்பொறியின் மின்கலம் உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ மின்னேற்றவோ செய்யாதீர்கள், தீப்பற்றும்.

மென்பொருட் பழுதுகள்

வன்பொருளா மென்பொருளா என்னும் ஐயம் தீராதவிடத்து, ஐயந்தீர்க்கும் நல்ல வழியொன்று உண்டு. இலினக்சு இயங்குதளத்தைப் பென்டிரைவ் எனப்படும் விரலியில் ஏற்றி, வட்டைத் தொடாமலே, அவ்விரலியிலிருந்து கணிப்பொறியை எழுப்பலாம். அதில் திரை, விசைப்பலகை, ஒலி, இணையம் எல்லாம் ஒழுங்காக இயங்கினால் அவ்வுறுப்புகளில் பழுதில்லை. பழுது வட்டிலோ, வட்டிலுள்ள மென்பொருளிலோ உள்ளது. அதனினும் பெரிய பயன், அவ்விரலி வழியாகவே வட்டிலுள்ள கோப்புகளை வேறு வட்டுக்குப் படியெடுத்துக்கொள்ளலாம் என்பது. விண்டோசு எழவில்லை என்பதற்காகக் கோப்புகள் செத்துவிட்டன என்று எண்ணற்க. ஆனால் புதிய கணிப்பொறிகள் பலவற்றில் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க மீட்பெண் வேண்டும். கணிப்பொறி நலமாக உள்ளபோதே அவ்வெண்ணை எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

பழுது மென்பொருளில்தான் என்று தெளிந்தால், கடைசியாக என்ன மாறியது என்று கேளுங்கள். புதிய அச்சுப்பொறியின் இயக்கி நிரலா? புதுப்பிப்பா? குழந்தைகள் இறக்கிய விளையாட்டா? விண்டோசில் 'காப்பு நிலை' என்று சொல்லத்தக்க எழுச்சி முறை ஒன்றுண்டு. இன்றியமையாத நிரல்களை மட்டும் ஏற்றி எழுவது. மாற்றுவிசையை அழுத்திக்கொண்டே மறுதொடக்கம் கொடுத்தால் அதற்குரிய பட்டியல் தோன்றும். காப்பு நிலையில் ஒழுங்காக எழுந்தால், பிற்சேர்க்கையாக வந்த ஏதோ ஒன்றே குற்றவாளி, அதை நீக்குக. இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகளே சிதைந்திருந்தால், அவற்றைத் தான் வைத்துள்ள மூலப்படிகளோடு ஒப்பிட்டுச் சிதைந்தவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளும் ஆணையும் விண்டோசிலேயே உள்ளது. அதுவும் போதாவிட்டால், நம் கோப்புகளை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் புதுப்பிக்கும் வழியும் உண்டு. இத்தனை வாயில்களையும் கடந்த பிறகன்றோ அழிப்பு!

இம்முறையின் ஆற்றலை 2024ஆம் ஆண்டு சூலை 19ஆம் நாள் உலகமே கண்டது. கிரவுட்சுட்ரைக்கு என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழைபட்ட புதுப்பிப்பு ஒன்றால், விண்டோசுக் கணிப்பொறிகள் ஏறத்தாழ 85 இலக்கம் நீலத்திரையில் வீழ்ந்தன. வானூர்திகள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின, இந்திய வானூர்தி நிலையங்களில் ஏறுசீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். மருந்து யாது? காப்பு நிலையில் எழுப்பி, பிழைபட்ட அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கி, மீண்டும் தொடங்குவது. பல இடங்களில் ஒவ்வொரு கணிப்பொறியாகச் சென்று கையால் செய்தனர். யாரும் 85 இலக்கம் வட்டுகளை அழிக்கவில்லை. நோய்முதல் அறிந்தால் மருந்து சிறிதாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தமிழ்க் கோப்புகளுக்கு நேரும் தனிக்கேடு

தமிழ் எழுதுவார்க்கு நேரும் பழுதொன்றை இங்குக் குறித்தே ஆக வேண்டும். இருபதாண்டுக்கு முன் தட்டெழுதிய கட்டுரையைப் புதிய கணிப்பொறியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை போலத் தோன்றுகிறது. 'கோப்புக் கெட்டுவிட்டது' என்று பலர் அதை நீக்கிவிடுகின்றனர். கோப்புக் கெடவில்லை! அக்காலத்து எழுத்துருக்கள் உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்னும் சொல், உள்ளே நான்கு உரோமன் எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிந்திருக்கும். எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லையேல் உரோமன் தெரியும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறை வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையும் இரு குறியீட்டு முறைகளும் வரையறுக்கப்பட்டன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்குள் எழுதிக் குவிந்தவை ஏராளம். பழைய எழுத்துருவை நிறுவினால் அவை மீண்டும் தமிழாகும். எழுத்துமாற்றி மென்பொருளில் இட்டால் ஒருங்குறிக்கே மாறிவிடும். மறைந்த புலவர் பலரின் கையெழுத்துப்படி இல்லாது, இத்தகைய கோப்பு மட்டுமே எஞ்சியிருக்கக் கூடும். அதைக் குப்பையென்று நீக்குவோன், ஆடிப்பெருக்கில் ஏடு விட்டவனின் வழித்தோன்றலே.

கடைக்காரரும் நாமும்

பழுதுநீக்குவோர் எல்லாரையும் பழித்தல் நம் கருத்தன்று. அவர்களுள் நுண்ணறிவினர் பலர். குறை நம்மிடமும் உண்டு. பழுதை நாடிக் காண மூன்று மணி நேரம் ஆகலாம். அழித்து ஏற்ற அத்துணை நேரம் வேண்டா. நாடிக் கண்டதற்குக் கூலி கேட்டால், "ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குக் காசு?" என்கிறோம். நோய் நாடுவதற்குக் கூலி கொடாத ஊரில் மருத்துவன் மருந்தைத்தான் விற்பான். ஆகவே, கடைக்குச் செல்லும்போது நான்கு செய்திகளை உறுதியாகச் சொல்லுங்கள்: என்னைக் கேளாமல் வட்டை அழிக்கக் கூடாது, எது செய்வதாயினும் முதலில் கோப்புகளைப் படியெடுக்க வேண்டும், பழுதின் கரணியத்தை எழுதித் தர வேண்டும், மாற்றிய உறுப்பைத் திருப்பித் தர வேண்டும். இவற்றுக்கு இசைபவருக்கு, நாடிக் கண்டமைக்கும் மனமுவந்து கூலி கொடுங்கள்.

அழித்தே ஆக வேண்டிய இடமும் உண்டு. கோப்புகளைப் பூட்டிப் பிணைப்பணம் கேட்கும் நச்சுநிரல் ஊடுருவினால், வட்டை முழுதும் துடைத்துப் புதிதாக ஏற்றுவதே காவல். ஆனால் அங்கும் படியெடுத்து வைத்தவனே பிழைப்பான். தவறி அழித்துவிட்டாலோ, அக்கணமே அவ்வட்டில் எழுதுவதை நிறுத்துங்கள். சுழலும் வன்வட்டில், மேலே வேறொன்று எழுதப்படும் வரை பழையது பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும், மீட்கலாம். திண்மநிலை வட்டிலோ, நீக்கிய இடத்தை அது தானே விரைந்து துடைத்துவிடுவதால், மீட்பது அரிது.

தூக்கியெறிவதும் அழிப்பின் மற்றொரு வடிவமே. விண்டோசு 10க்கு வந்த பொதுப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்டு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்தியது. விண்டோசு 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாமையால், நல்லுடலோடு உள்ள பழைய கணிப்பொறிகள் பல 'காலாவதி' என்று ஒதுக்கப்படுகின்றன. அவை கெட்டவை அல்ல. இலினக்சு ஏற்றினால் எழுத்து வேலைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் இன்னும் பல்லாண்டு உழைக்கும்.

செய்ய வேண்டுவது

பழுது வாரா முன் செய்வதே பெருங்காவல். உங்கள் கோப்புகளுக்கு மூன்று படிகள் இருக்கட்டும்; அவை இருவகைக் கருவிகளில் இருக்கட்டும்; ஒரு படியேனும் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். நம் நூல்கள் பிழைத்ததும் இவ்வாறே: ஓர் ஊரின் ஏட்டைச் செல்லரித்தபோது, வேற்றூரில் அதே நூலின் மற்றொரு படி இருந்தது. திங்களுக்கு ஒருநாள் குறித்துப் படியெடுங்கள். எடுத்த படி திறக்கிறதா என்றும் பாருங்கள். திறந்து பாராத படியை நம்பியிருத்தல் கூடாது.

பிள்ளைகளுக்கும் இதனைக் கற்பியுங்கள். கணிப்பொறி நின்றால் கண்ணைக் கசக்காமல், 'எந்தப் படியில் நின்றது, என்ன எழுதியிருக்கிறது, கடைசியாக என்ன மாறியது' என்று கேட்கும் பிள்ளை, நாளை வேறெந்தப் பொறியின் முன்னும் மருண்டு நிற்காது. இம்மூன்று வினாக்களையும் தூய தமிழிலேயே கேட்கலாம். தமிழிலேயே விடையும் காணலாம்.

அறியாமை அழிக்கச் சொல்லும். அறிவு நாடச் சொல்லும். உங்கள் வட்டில் கிடப்பது வெறும் மின்குறிகள் அல்ல. உங்கள் குடியின் நினைவும் உழைப்பும் அங்கே எழுதப்பட்டுள்ளன. இன்று மாலையே ஒரு குறிப்பேட்டைக் கணிப்பொறியருகே வையுங்கள். முதற்பக்கத்தில் 'கேளாமல் அழிக்கற்க' என்றெழுதுங்கள். எழுதியவுடன், முதற்படியை எடுக்கத் தொடங்குங்கள்.